துணை ஜனாதிபதியைத் தேர்பவர் யார்?

அமெரிக்க தேசத்தில் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடுபவர் தமக்குத் துணையாக நிற்பவரைத் தாமே தேர்ந்து அறிவிக்க, இருவருக்குமாகச் சேர்த்து ஒரே வாக்கை ஜனங்கள் அளிப்பது வழக்கம். 2020 ஆகஸ்டில் ஜோ பைடன், நம் ஷியாமளா கோபாலனின் புதல்வி கமலா ஹாரிஸைத் தேர்ந்ததும் அவ்வாறே.

நமது அரசியல் சாசனமோ, துணை ஜனாதிபதியை எவர் ஒருவருடைய விருப்பத்துக்கும் விடாமல், பார்லிமெண்டின் இரு சபை அங்கத்தினரும் ரகசியச் சீட்டில் பெயருக்கு எதிரே 1, 2 என்று தம் கையாலேயே விருப்ப வரிசையை எழுதித் தேர்ந்தெடுக்குமாறு விதித்திருக்கிறது. இதுவே மேன்மையான ஏற்பாடென்பது என் திடமான அபிப்பிராயம்.

திருப்பூரில் பிறந்து, கோவைத் தொகுதியின் பிரதிநிதியாக 1998லும் 1999லும் டெல்லி சென்ற சி. பி. ராதாகிருஷ்ணன், 2025 செப்டம்பர் 9 அன்று 452 வாக்குகள் பெற்று அப்பதவியை எய்தியது இம்முறையில்தான். எதிர்த்து நின்ற சுதர்சன் ரெட்டிக்குக் கிடைத்தவை 300.