புள்ளிப்படம் கோட்டுப்படமாதல்

கோலமிடும் தாய்மார் முதலிற் புள்ளியிடுவர். பின்னர் அவற்றைச் சூழ்ந்து கோடு வளைப்பர். புள்ளிகள் வழிகாட்டிகளே, கோலத்தின் உயிர் கோட்டின் போக்கிலேயே உள்ளது. அப்போக்கினை மனத்தில் இருத்தியமையாலேயே, சிறு முன்றிலில் இட்ட கோலத்தைப் பெருமுற்றத்திலும் வடிவு குன்றாது இட அவர்க்கு இயலுகின்றது. 1974 ஆம் ஆண்டில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, அவர்தம் துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினியியலுக்குரிய இலக்கண முறையால் விளக்கி ஆய்வுரை வெளியிட்டமை அறிஞர் அறிந்ததே.

கணினி படத்தைப் பேணும் முறையும் இருவகைப்படும். பிட்மப் எனப்படும் புள்ளிப்படம், ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தனித்தனியே குறித்து வைப்பது. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட படத்தில் 2,073,600 புள்ளிகள் அடங்கும். அதனைப் பெருப்பித்தால், கோட்டின் விளிம்பு படிக்கட்டுப் போலாகிவிடும். வெக்டர் படமோ, கோடு எங்கே தொடங்கி, எவ்வாறு வளைந்து, எங்கே முடிகின்றதென்னும் கணக்கினையே பேணுவது. நம் பௌதிக நூல்கள் வெக்டரைக் காவியென்னும். ஈண்டு நாம் கோட்டுப்படம் என்போம். இவ்வளைகோடுகளின் கணிதம் பிரான்சிய மோட்டார் வண்டித் தொழிலிற் பிறந்தது. சித்ரோன் நிறுவனத்துப் போல் தெ கஸ்தெல்ஜோவும் றெனோ நிறுவனத்துப் பியர் பெசியேயும் வண்டிகளின் வளைவுகளை வரையறுக்க அதனை வகுத்தனர்.

இனி அசைபடத்துக்கு வருவோம். ஆடிவேல் தேர் காலி வீதியில் அசைந்து வருவதை மாணவனொருவன் தாளில் வரைகின்றான் எனக் கொள்வோம். திரைப்படத்துக்கு நொடிக்கு 24 சட்டகங்கள் வேண்டும். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினும், ஒரு நிமிடத்துக்கு 720 தாள்கள் ஆகும். அவற்றை ஸ்கேனரில் இட்டுப் பெறுவன யாவும் புள்ளிப்படங்களே. அவற்றைக் கோட்டுப்படமாக்கும் செயலி, முதலில் மையையும் வெண்தாளையும் பிரித்தறியும். பின்னர் மையின் எல்லையைப் பின்தொடரும். இறுதியில் அவ்வெல்லைக்குப் பொருந்தும் வளைகோடுகளை அமைக்கும். 2001 ஆம் ஆண்டில் பீற்றர் செலிங்கர் வெளியிட்ட பொட்றேஸ் இம்முறையினதாகும்.

எல்லையைப் பின்தொடரும் முறையில், ஒரு கோடு இரு கரைகளையுடைய ஆறு போலாகும். கோட்டின் நடுவைப் பின்தொடரும் முறையும் உண்டு. அதில் ஒரு கோடு ஒரு கோடாகவே நிற்கும். அதன் தடிப்பு வேறாகக் குறிக்கப்படும். பின்னர் வளைத்தும் நீட்டியும் அசைக்க வேண்டிய உருவங்களுக்கு இதுவே ஏற்றது.

இவ்வளவில் வேலை முடிந்ததெனக் கருதுவோர் படத்தை ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். தனித்தனியே மாற்றிய தாள்களில், தேர்ச்சில்லின் விளிம்பு ஒன்றில் 8 முடிச்சுகளும் அடுத்ததில் 11 முடிச்சுகளும் பெற்றிருக்கலாம். தனியே நோக்கின் இரண்டும் குறையற்றவை. தொடர்ந்து ஓட்டினோ, நிற்கும் சில்லும் கொதிநீர் போற் துடிக்கும். செயலி கோட்டின் வடிவைக் கண்டது. முன்னைத் தாளில் இருந்த அதே கோடு இதுவென்பதை அது காணவில்லை. அசைவின் உயிர்நிலை அவ்வறிவிலன்றோ உள்ளது!

இதற்குப் பரிகாரம் உண்டு. தாள்கள் யாவற்றையும் ஒரே துளைப்பட்டையிற் பொருத்தி, ஒரே ஒளியிலும் ஒரே அளவிலும் படியெடுத்தல் வேண்டும். மையைப் பிரிக்கும் அளவுகோலையும் இடையில் மாற்றலாகாது. அசையாத பகுதியை ஒருமுறை மாத்திரம் மாற்றி, எல்லாச் சட்டகங்களிலும் அதனையே வழங்குக. அசையும் பகுதியில் முதன்மைத் தாள்களை மாத்திரம் மாற்றி, அவற்றின் முடிச்சுகளை ஒன்றுக்கொன்று இயைபுபடுத்தியபின், இடைப்பட்டவற்றை அம்முடிச்சுகளை நகர்த்தி அமைக்கலாம்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டுவதுமில்லை. தேரின் பின்னணியில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கற் சுவரை நீர்வண்ணத்தில் தீட்டியிருந்தால், அது புள்ளிப்படமாகவே நிற்றல் நன்று. கல்லின் சொரசொரப்பைக் கோடுகளாக்கினால் கோப்பு பருக்கும், அழகோ கெடும்.

இதனினும் முதன்மையானது மூலத்தைப் பேணுதல். கோட்டுப்படம் மூலத்தின் பொழிப்புரையேயன்றி மூலமன்று. நடுங்கிய கையின் நடுக்கத்தையும் பென்சிலின் மென்மையையும் அது நேராக்கிவிடும். பிளாஷ் என்னும் அமைப்பில் உருவான அசைபடங்கள் எண்ணிறந்தன. அதனை இயக்கும் செயலிக்கான ஆதரவு 2020 ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டபோது, அவற்றுட் பல காணற்கரியவாயின. ஆதலின் 2001 ஆம் ஆண்டு முதல் பொதுநியமமாக விளங்கும் எஸ்.வி.ஜி. போன்ற திறந்த வடிவத்திற் கோட்டுப்படத்தைச் சேமித்து, அதனோடு முதற் படியையும் தாளையும் காத்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியக் கண்ட நமக்கு, மூலப்பிரதியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு மேசையிற் கணினியோடு அமரும் நம் இளைஞர்க்கு வேண்டிய கருவிகளுட் பல இன்று விலையின்றியே கிடைக்கின்றன. இன்க்ஸ்கேப்பும் ஓப்பன்ரூன்சும் அத்தகையன. பாட்டிமார் சொல்லிய கதைகளை அசையும் சித்திரங்களாக்க அவர்கள் முன்வருவாராக. எக்கோடு எக்கோட்டின் தொடர்ச்சியென்று தெளியும் பொறுப்பை மாத்திரம் அவர்கள் கருவியிடம் விட்டுவிடலாகாது.