பழைய திரை சொன்னதைப் புதுத் திரை ஏன் சொல்வதில்லை?

பெங்களூரு பீன்யாவில் ஒரு பாய்லர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் கம்பி அறுந்தால், பழைய திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் கேள்விக்குறி மின்னும். எல்லா கம்பெனி இயந்திரத்துக்கும் பொதுவான புதுத் திரையிலோ, கடைசியாக வந்த 182 சமர்த்தாக நிற்கிறது.

ஏன்? “மழை இல்லைன்னா சாயங்காலம் வரேன்” என்று மாமா சொல்லிவிட்டுப் போகிறார். குழந்தை உங்களிடம், “மாமா வரேன்னார்” என்கிறது. பொய்யில்லை, பாதி காணோம்.

இயந்திரத்திலிருந்து புதுத் திரைக்குச் சேதி கொண்டுபோகும் பொதுமொழி, 1979இல் மோடிகான் நிறுவனம் தந்த மோட்பஸ், அந்தக் குழந்தைதான். அது கொண்டுவருவது வெறும் எண். எப்போது அளந்தது, நம்பலாமா, டிகிரியா வேறா? எதற்கும் அதில் இடமில்லை.

1996இல் வந்த ஓபிசி என்ற இன்னொரு பொதுமொழி, எண்ணோடு நேரத்தையும், நம்பலாமா என்ற தரத்தையும் சேர்த்தே அனுப்பும். ஆனால் நடுவில் மோட்பஸ் இருந்தால், எண் கைக்கு வந்த நேரத்தைத்தான் ஒட்ட முடியும்!

அந்தக் கேள்விக்குறி திரும்ப வேண்டுமா? அதற்கென்றே தனியாக ஓர் எண்ணை ஒதுக்கி, ‘1 என்றால் கம்பி அறுந்தது’ என்று இருபக்கமும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.