நிழற்படம் திருத்தும் மென்பொருள்: எதனைத் தேர்ந்தெடுப்பது?



கைப்பேசி இல்லாத வீடு இன்று நம் தோட்டத்தில் இல்லை. கைப்பேசியில் படம் எடுத்துப் பாராத பிள்ளையும் இல்லை. எடுத்த படத்தைத் திருத்தி அழகுபடுத்தும் ஆசையும் அதனோடு கூடவே பிறந்துவிடுகிறது. “சார், படம் திருத்துவதற்கு எந்த மென்பொருள் நல்லது?” என்று மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி வினவுகின்றனர். அவ்வினாவிற்கு இவ்வாண்டு மலர் வாயிலாக விடை கூற எண்ணினோம். அதற்குக் காரணமாய் அமைந்த நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுகிறோம்.

ஒரு நாள் மாலை, நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தையார் அலுவலகத்திற்கு வந்தார். அவர் கையில் புதிதாகச் சட்டமிட்ட படம் ஒன்று இருந்தது. மறைந்த தம் தாயாரின் முதலாண்டு நினைவு நாளுக்காகப் பெரிதாக்கி அச்சிட்டது. “ஐயா, இது என் அம்மா முகமாகவே இல்லையே!” என்று கூறி நின்றார். அம்மூதாட்டி அந்தக் காலத்தில் பால்வெட்டுக்குப் புறப்படும் கோலத்தில், தலையில் துண்டு கட்டி, லயத்து வாசலில் நின்று எடுத்துக்கொண்ட ஒரே படம் அது. நாம் உற்று நோக்கினோம். நெற்றிச் சுருக்கங்கள் மறைந்திருந்தன. புருவத்தின் மேலிருந்த தழும்பு மறைந்திருந்தது. மூக்குத்தியையும் காணவில்லை!

நடந்தது இதுதான். மாணவி தன் கைப்பேசியில் இலவசச் செயலி ஒன்றைத் தரவிறக்கம் செய்து, ஒரே பொத்தானை அழுத்திப் படத்தை ‘அழகுபடுத்தி’யிருக்கிறாள். மூக்குத்தியை அச்செயலி அழுக்குப் புள்ளி என்று கருதித் துடைத்துவிட்டது. அதனினும் பெரிய இழப்பு வேறொன்று. திருத்திய படத்தை மூலப் படத்தின் மேலேயே அவள் சேமித்துவிட்டாள். காகிதப் படமோ முன்பே வெள்ளத்தில் நனைந்து அழிந்துபோயிற்று. மூலம் என்று சொல்ல வீட்டில் எதுவும் எஞ்சவில்லை.

அந்தப் பிள்ளையின் மேல் நாம் குறை காணவில்லை. பாட்டியின் மேல் கொண்ட அன்பினால் செய்த செயல் அது. ஆயினும், எந்தக் கருவியை எடுப்பது, எடுக்குமுன் எதனைக் கேட்பது என்று அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் பிலிம் சுருளில்தான் படம் எடுத்தோம். ஒரு சுருளுக்கு 36 படங்கள். படக்கடையில் கழுவிக் கொடுக்கும்பொழுது படங்களோடு நெகட்டிவையும் உறையில் இட்டுத் தருவார்கள். படம் கிழிந்தாலும் கறைபட்டாலும் கவலையில்லை. நெகட்டிவ் இருந்தால் மீண்டும் அச்சிடலாம். இன்று கைப்பேசியில் பதிவாகும் மூலப் படமே நமக்கு நெகட்டிவ் ஆகும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் நம் முன்னோர். மூலப் படம் என்னும் சுவரை இடித்துவிட்டு எந்த மென்பொருளைக் கொண்டு சித்திரம் எழுதுவது?

இனி, படம் என்பது யாது என்று சிறிது காண்போம். கணினிப் படம் பிக்சல் எனப்படும் மிகச் சிறிய புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவுகள் எண்களாகப் பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றிற்கும் பொதுவாக 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. 256-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், மாணவர்களே! ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்திற்கு மேற்பட்ட வண்ணங்கள் கிடைக்கும். படம் திருத்தும் மென்பொருள் செய்வதெல்லாம் இவ்வெண்களை மாற்றுவதே. எண்ணைக் கூட்டினால் படம் வெளுக்கும், குறைத்தால் இருளும். கறையை நீக்கும் கருவி, கறைபட்ட புள்ளிகளை அழித்துவிட்டு அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து அவ்விடத்தை நிரப்புகிறது. அது மூக்குத்தியா அழுக்கா என்பதை அக்கருவி அறியாது. அறிந்தவர் நாமே.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் ஐந்து வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது: நாம் செய்ய வேண்டிய வேலை என்ன? கோணலான படத்தை நிமிர்த்தி, ஓரங்களை வெட்டி, ஒளியைச் சற்றுக் கூட்டுவது மட்டும் போதுமா? கீறலையும் பூஞ்சைக் கறையையும் நீக்க வேண்டுமா? விழா அறிக்கைக்காகப் பல படங்களையும் எழுத்துகளையும் ஒன்றிணைக்க வேண்டுமா? காய்கறி நறுக்குவதற்கு மரம் வெட்டும் கோடரி வேண்டியதில்லை.

இரண்டாவது: நம் வீட்டில் இருப்பது கைப்பேசியா, கணினியா? இல்லாத கணினிக்காக ஏங்க வேண்டா. தொடக்க வேலைகள் பலவற்றைக் கைப்பேசியிலேயே செய்யலாம்.

மூன்றாவது: விலை என்ன? சில மென்பொருள்கள் முற்றிலும் இலவசம். சிலவற்றிற்கு மாதந்தோறும் சந்தா செலுத்த வேண்டும். சில, ‘இலவசம்’ என்று அழைத்துச் சில நாள்களுக்குப்பின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிக்கத் தொடங்கும். வங்கி அட்டை எண்ணைக் கேட்கும் செயலியில் பிள்ளைகள் பெற்றோரைக் கேளாமல் எதனையும் அழுத்தலாகாது.

நான்காவது: படம் எங்கே செல்கிறது? சில செயலிகள் நம் கருவிக்குள்ளேயே வேலையை முடிக்கின்றன. சில, படத்தை எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பித் திருத்திவிட்டுத் திருப்பித் தருகின்றன. குழந்தைகளின் படங்களையும் அடையாள அட்டையின் படத்தையும் அவ்வாறு அனுப்புவது நன்றன்று.

ஐந்தாவது, தலையாயது: மூலப் படத்தைத் தொடாமல் வைத்திருக்கிறதா? திருத்தியதைத் தனி நகலாகச் சேமிக்கும் வசதியும், செய்த திருத்தத்தை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நீக்கும் வசதியும் இல்லாத செயலியை, அது எத்துணை அழகாய் இருப்பினும், ஒதுக்கிவிடுக.

இவ்வைந்து வினாக்களையும் துணையாகக் கொண்டு சில மென்பொருள்களைப் பார்ப்போம்.

கைப்பேசி மட்டும் உள்ளவர்களுக்கு ஸ்னாப்சீட் என்னும் செயலி ஏற்றது. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த இதனை மறு ஆண்டில் கூகுள் நிறுவனம் தனதாக்கிக்கொண்டது. கட்டணம் இல்லை. நிமிர்த்துதல், வெட்டுதல், ஒளி கூட்டுதல், கறை நீக்குதல் ஆகியவை இதில் உண்டு. முடித்தபின் ‘எக்ஸ்போர்ட்’ என்பதை அழுத்தினால் தனி நகல் கிடைக்கும். தொடக்க நிலையினருக்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இதனையே.

கணினி உள்ளவர்களுக்கு ஜிம்ப் என்னும் மென்பொருள் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995-இல் இதனை உருவாக்கத் தொடங்கினர். 1996-இல் பொதுமக்களுக்கு வெளியிட்டனர். மாணவர்கள் தொடங்கிய அம்முயற்சி இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து வருகிறது. எவரும் காசின்றிப் பயன்படுத்தலாம். முதல் பார்வைக்குப் பொத்தான்கள் மிகுதியாய்த் தோன்றி மலைக்க வைக்கும். ஒரு மாதம் பொறுமையாகப் பழகினால் கைவந்துவிடும். விண்டோஸ் கணினிக்கென அமைந்த பெயின்ட் டாட் நெட் இதனினும் எளியது. அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து இலவசமாகப் பெறலாம்.

கணினியில் எதனையும் நிறுவ இயலாதவர்கள் போட்டோப்பியாவை நாடலாம். இது இணைய உலாவியிலேயே இயங்குவது; இவான் குட்ஸ்கிர் என்பவரால் 2013-இல் வெளியிடப்பட்டது. உலாவியில் இயங்கினாலும் நாம் திறக்கும் படம் நம் கணினியிலேயே இருக்கும். ஓரத்தில் விளம்பரங்கள் தோன்றும். அவற்றை அழுத்தாமல் இருந்தால் போதும்.

போட்டோஷாப் என்னும் பெயரை அறியாதார் இலர். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கியதை அடோபி நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. ஆற்றல் மிக்கதே. ஆயினும் 2013 முதல் அந்நிறுவனம் சந்தா முறைக்கு மாறியது. படத்தொழிலைப் பிழைப்பாகக் கொண்டவருக்கு அது தகும். பழைய படம் நான்கைத் திருத்த விரும்பும் நமக்கு அச்செலவு தேவையில்லை. களவாக நகலெடுத்த போட்டோஷாப்பை எவரேனும் கொடுத்தாலும் வாங்க வேண்டா. அது குற்றம் என்பதோடு, அதனுள் நச்சு நிரலும் ஒளிந்திருக்கக்கூடும்.

இனிச் செய்முறை. பழைய காகிதப் படத்தைக் கைப்பேசியால் எடுக்கும்பொழுது நேர்வெயில் படாத வாசற்பகுதியில், பகல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். பிளாஷ் வேண்டா, அதன் ஒளி படத்தில் பளிச்சென்று தெறிக்கும். கைப்பேசி படத்திற்கு நேராக இருத்தல் வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தெடுக்க முயல வேண்டா. கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். பிறகு, திருத்தத் தொடங்குமுன் இரு நகல்கள் செய்து, ஒன்றை வேறொரு கருவியிலோ நினைவகத் தண்டிலோ வைத்துவிடுங்கள். அதுவே நம் நெகட்டிவ்.

அடுத்து நிமிர்த்துங்கள், வெட்டுங்கள், ஒளியைச் சரி செய்யுங்கள். பழைய வண்ணப் படங்கள் பல சிவந்து காணப்படுவதைக் கண்டிருப்பீர்கள். படத்தில் உள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஆதலின் அவ்வாறு ஆகிறது. வண்ணச் சமநிலைக் கருவியால் அதனை ஓரளவு சீராக்கலாம். கறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நீக்குங்கள். முகத்தை அணுகும்பொழுது கை நிற்கட்டும். அம்முகத்தை அறிந்த பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, “பாட்டி, இது தழும்பா, கறையா?” என்று கேட்டுக்கேட்டுச் செய்யுங்கள்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைத் தெளிவாக்கும் செயலிகள் இன்று பெருகியுள்ளன. மங்கிய முகத்தை அவை தெளிவாக்கும்பொழுது, இழந்ததை மீட்பதில்லை. இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. விளையாட்டுக்கு அது தகலாம். மறைந்தோரின் முகத்திற்குத் தகாது.

சேமிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் என்னும் வடிவில் இருக்கும். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் சிறிது குறைகிறது. பிஎன்ஜி வடிவில் அக்குறை இல்லை. வாட்சாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. நேர்த்தியாக அச்சிட அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உடைய 4ஆர் படத்திற்கு 1800-க்கு 1200 புள்ளிகள் தேவை என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம்.

மேற்கூறிய குடும்பத்தாரின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அம்மாணவி முன்பொரு முறை அப்படத்தை வாட்சாப்பில் தன் அத்தைக்கு அனுப்பியிருந்தாள். நல்வேளையாக அத்தை அதனை அழிக்கவில்லை. 1200-க்கு 900 புள்ளிகள் மட்டுமே கொண்ட சுருங்கிய நகல் அது. பெரிதாக்கினால் மங்கிவிடும். ஆகவே 4 அங்குல நீளம், 3 அங்குல அகலம் என்னும் அளவிலேயே அச்சிட்டோம். ஓரத்துக் கறையை மட்டும் மாணவியே நீக்கினாள், முகத்தைத் தொடவில்லை. இன்று அவர்கள் வீட்டுச் சாமிமேடை அருகில் உள்ளங்கை அளவில் அப்படம் இருக்கிறது. சிறியதுதான். ஆனால் தழும்பும் இருக்கிறது, மூக்குத்தியும் இருக்கிறது. மகன் தாயை அடையாளம் கண்டுகொண்டார்.

பெற்றோர்களே! எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டுவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பெரட்டுக்கு நின்ற நம் முன்னோரின் முகத்தை நம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டத் தகரப்பெட்டியில் கிடக்கும் இப்படங்களே எஞ்சியுள்ளன. வரும் விடுமுறையில் அவற்றை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே! நகல் எடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்தி, பிறகு திருத்தப் பழகுங்கள். ஐயம் எழுந்தால் பள்ளிக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.



தலைமையாசிரியர்