ஒரு டிவி, ரெண்டு பெட்டி: ரேடியோ ஏன் இரைகிறது?



கூட்டமைப்புப் பயிற்சிகளில் ஒரே டிவியில் லேப்டாப் படமும் காட்டுகிறோம், செட்டாப் பாக்ஸும் போடுகிறோம். ஒவ்வொரு தடவையும் வயரைப் பிடுங்கிச் சொருகினால் டிவியில் உள்ள துளை தளர்ந்து போகும். அதற்குத்தான் வீடியோ சுவிட்ச் பெட்டி. நம்ம வாய்க்கால் மதகு மாதிரி, எது வேணுமோ அதை மட்டும் திறந்துவிடும்.

‘இன்’ என்று எழுதிய துளைகளில் லேப்டாப், செட்டாப் பாக்ஸ் வயர்கள். ‘அவுட்’ துளையிலிருந்து டிவிக்கு ஒரு வயர். டிவி ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அழுத்தி, அந்த வயர் சொருகிய எச்.டி.எம்.ஐ. எண்ணை வைத்துவிட்டால், பிறகு பெட்டியின் பட்டன் போதும். படம் மாறும்போது சில நொடி திரை கறுப்பாகும். பதறிப்போய்த் திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க.

சரி, பெட்டியைப் போட்டதும் பக்கத்து ரேடியோ கரகரவென்று இரைகிறதே, ஏன்? இதற்குள் மின்சாரம் ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை மாறுகிறது. அதில் கொஞ்சம் வயர் வழியாக அலையாகக் கசியும். மலிவான வயரில் உள்ளே கம்பி வலை உறை சரியாக இருக்காது; அப்போது வயரே ஏரியல் ஆகிவிடும். சில எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர்கூட இப்படித்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் பல நாள் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பேட்டரி ரேடியோதான் கைகொடுக்கும். மழைக்காலம் வருவதற்குள் சோதித்து வையுங்கள். ரேடியோவைப் போட்டுவிட்டு ஒவ்வொரு கருவியாக அணையுங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் நிற்கிறதோ, அதுதான் காரணம். ரேடியோவைத் தள்ளி வையுங்கள், திசை திருப்பிப் பாருங்கள், பெட்டியை வேறு பிளக்கில் சொருகுங்கள். தரமான வயர் மாற்றினாலும் குறையும்.

பல பெட்டிகளில் ‘எஃப்.சி.சி.’ என்று அச்சடித்திருக்கும். அது அமெரிக்க விதி: கருவி மற்றவர் அலைவரிசைக்குக் கெடுதல் செய்யக்கூடாது, தனக்கு வரும் இடைஞ்சலைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

நம்ம நாட்டிலும் அலைவரிசைக்குச் சட்டம் உண்டு. செல்போன் டவர் கிடைக்கவில்லை என்று சிலர் ‘பூஸ்டர்’ வாங்குகிறார்கள். லைசென்ஸ் உள்ள தொலைபேசி நிறுவனங்கள் தவிர வேறு யாரும் அதை வைத்திருப்பது, விற்பது, பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் அறிவித்தது. ஒரு வீட்டில் சிக்னல் ஏறும், சுற்றியுள்ள வீடுகளில் பேச்சு அறுந்துபோகும். சிக்னல் இல்லையா? உங்க சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள்.