உப்பும் உலோகமும் உயிரிழையும்

இராமநாதபுரத்துக் கடற்கரையில், வாலிநோக்கத்து உப்பளங்களில் வெயில் காய்ச்சி எடுக்கும் உப்பு வெகு சாதாரணமான பதார்த்தமே. ஆயினும் அதிலுள்ள குளோரைடுதான், புற்றுநோய்க்கு அளிக்கப்படும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்துக்கு இரத்தத்தில் காவலாக நிற்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

உலோக அணு ஒன்று நடுவே இருக்க, அதைச் சுற்றிப் பிற மூலக்கூறுகளோ அயனிகளோ பற்றி நிற்கும் அமைப்பை அணைவுச் சேர்மம் என்பர். சிஸ்பிளாட்டினில் பிளாட்டினத்தை இரண்டு அம்மோனியாக்களும் இரண்டு குளோரைடுகளும் பற்றியுள்ளன. 1844-இலேயே இத்தாலியரான பெய்ரோன் ஆக்கிய இச்சேர்மத்தின் மகிமை, 1965-இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலத்தின் விளைவை ஆராயப் புகுந்து, பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நீண்ட இழைகளாக வளர்ந்ததற்குப் பிளாட்டின மின்வாயிலிருந்து கரைந்து பிறந்த சேர்மங்களே காரணம் என்று கண்ட பிறகே புலனாயிற்று. 1978-இல் அது அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

குளோரைடு மிகுந்த இரத்தத்தில் பெரும்பாலும் மாறாமல் செல்லும் அது, குளோரைடு குறைந்த உயிரணுவுக்குள் புகுந்ததும் தன் குளோரைடுகளை இழந்து, அவற்றின் இடத்தில் நீரை ஏற்று, பின் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்துள்ள, குவானின் எனப்படும் இரு காரங்களைப் பற்றி, இழையையே வளைத்துவிடுகிறது. மருத்துவமனையில் இம்மருந்தை உப்புநீரில் கலந்து ஏற்றுவதன் காரணமும் குளோரைடின் இந்தக் காவலே. அதே அணுக்களைக் கொண்டும், அம்மோனியாக்கள் எதிரெதிரே அமைந்துவிட்ட மற்றொரு வடிவத்துக்கு இந்த நோய் தீர்க்கும் சக்தி இல்லை.

பற்றுவது ஒரு தொழில், அறுப்பது வேறு. 1979-இல் டேவிட் சிக்மன் குழுவினர், பினாந்த்ரோலின் என்ற கரிமச் சேர்மத்தோடு சேர்ந்த தாமிரம் டி.என்.ஏ.யை அறுப்பதைக் கண்டனர். இழையின் பள்ளத்தில் அமரும் அந்தத் தாமிரம், ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையால் உக்கிரம் பெற்று, டி.என்.ஏ.யின் சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, சர்க்கரை சிதைந்து இழை அறுந்துபோகிறது. நம் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவரும் அவருடைய மாணவர்களும் இத்தகைய தாமிரச் சேர்மங்களைப் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர்.

அறுந்ததை அறியும் முறை அழகானது. வளைய வடிவான பாக்டீரிய டி.என்.ஏ., தோணிக் கயிற்றைப் போல் இறுக முறுக்கேறியிருப்பது. அகரோஸ் என்ற பொருளாலான களியில் அதை இட்டு மின்சாரம் செலுத்தினால் விரைந்தோடும். ஓரிழை அறுந்தால் முறுக்குத் தளர்ந்து பின்தங்கும். ஈரிழையும் அறுந்தால் நேர்க்கோடாகி, இரண்டுக்கும் இடையே நிற்கும்.

புற்றுநோய்க்கு மருந்தானாலும், சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் வருத்தவல்லது. ஆகையால், ஒளி பட்ட இடத்தில் மட்டும் டி.என்.ஏ.யை அறுக்கும் சேர்மங்களைத் தேடி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்கரவர்த்தி நடத்திய ஆராய்ச்சியையே நான் இத்துறையில் மிகவும் மதிக்கிறேன்.