காலையில் நின்ற மண் மாலையில் ஏன் சரிகிறது?

பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும்போது மண் சரிந்து தொழிலாளி இறந்தார் என்ற செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஜேசிபி வெட்டியபோது செங்குத்தாக நின்ற சுவர், மழையே பெய்யாமல் சாயங்காலம் விழுந்தது எப்படி?"

விடை தண்ணீரில் இருக்கிறது. காய்ந்த மணலைக் கொட்டினால் அது பரந்து சரிந்துதான் கிடக்கும், சுவராக நிற்காது. லேசான ஈரம் இருந்தால் நிற்கிறது. மணல் மணிகளுக்கு இடையே சிக்கிய துளி நீர் பரப்பு இழுவிசையால் உட்குழிந்து, இரு மணிகளையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. புட்டுக்கு மாவு பிசைபவர்களுக்கு இது கைப்பழக்கம். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரல் பட்டால் உதிர வேண்டும். நீர் குறைந்தால் பிடிபடாது, கூடினால் களி. மாவையாவது ஆவி வேகவைத்து இறுக்கிவிடுகிறது. பள்ளத்தின் சுவருக்கு அந்த ஆவி கிடையாது. கடைசிவரை பச்சை மாவுதான். வெயில் அந்த ஈரத்தை உறிஞ்சினாலும் சுவர் உதிரும், உடைந்த குழாயின் கசிவு நனைத்தாலும் உதிரும்.

களிமண்ணின் கதை இன்னும் நுட்பமானது. பள்ளம் வெட்டியதும் சுவரைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருந்த மண் போய்விடுகிறது. சுவர் உப்ப முயல்கிறது. உப்புவதற்கு நீர் வேண்டும், ஆனால் களிமண்ணின் நுண்துளைகளில் நீர் மிக மெதுவாகவே நகரும். அது வந்து சேரும்வரை துளைகளுக்குள் ஓர் உறிஞ்சு அழுத்தம் உருவாகி, துகள்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நீர் வர வர அந்தப் பிடி தளர்கிறது. அதாவது, வெட்டிய நொடியில்தான் அந்தச் சுவர் மிக வலுவாக இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் இறங்குமுகம். "நேற்று முழுக்க நின்றதே" என்று மேஸ்திரி சொல்வது பாதுகாப்புக்குச் சான்று அல்ல, கெடு நெருங்குவதற்கான சான்று.

மண்ணின் அழுத்தத்தைக் கணக்கிட்டு 1773-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கட்டுரையாக வாசித்தவர், மின்னூட்ட விதியால் நாம் அறிந்த கூலூம். லண்டன் களிமண்ணில் வெட்டிய சரிவுகள் பல பத்தாண்டுகள் கழித்து இடிந்ததை மண் பொறியியலாளர் ஸ்கெம்ப்டன் ஆராய்ந்தார்.

நகரத் தெருக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் பலமுறை தோண்டி மூடிய மண் அது. இயற்கை இறுக்கம் எப்போதோ போய்விட்டது. பள்ளத்தின் விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல் ஓடினால், சரியப்போகும் துண்டு ஏற்கெனவே பிரிந்துவிட்டது என்று பொருள். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பது அந்தத் துண்டின் மேல் பாரம் ஏற்றுவது.

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன் எடை. தலை வெளியே இருந்தாலும் மார்புவரை புதைந்தவர் மூச்சை வெளிவிடும்போதெல்லாம் மண் இன்னும் நெருக்கி இறங்குகிறது. அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரிய இடமில்லை.

இப்போது உணரிகளும் செயற்கை நுண்ணறிவும் சரிவை முன்கூட்டியே அறிவிக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் மண்ணுக்கு முக்கால் நொடிகூடத் தேவையில்லை. அதற்குள் எந்த மனிதனும் ஏணி ஏற முடியாது. அணை, மலைச்சரிவு போன்றவற்றில் உணரி பயன்படலாம். சாக்கடைப் பள்ளத்தில் பலகையும் முட்டுக்கட்டையும்தான் உயிரைக் காக்கும், அல்லது ஆட்களைச் சுற்றி இறக்கும் இரும்புப் பெட்டி. இடமிருந்தால் சுவரையே சாய்வாக வெட்டலாம்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. 1.5 மீட்டர் ஆழத்தைத் தொட்டால் சுவரைப் படியாக வெட்டிச் சாய்க்க வேண்டும், இல்லையேல் மரச்சட்டங்களால் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். 1.2 மீட்டர் ஆழத்திலிருந்தே ஏணி கட்டாயம். பலகைக்கு ஆகும் செலவும் நேரமும் ஒப்பந்தத் தொகையிலேயே சேர வேண்டியவை.

உங்கள் தெருவில் ஆளுயரப் பள்ளத்தில் முட்டு இல்லாமல் ஒருவர் இறங்கி நின்றால், மேற்பார்வையாளரிடம் சொல்லி அவரை மேலே ஏறச் செய்யுங்கள். மண் சரிந்துவிட்டால் நீங்கள் உள்ளே குதிக்காதீர்கள், இரண்டாவது சரிவு வரக்கூடும். ஜேசிபியால் மண்ணை அள்ளவும் விடாதீர்கள். தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள்.