நால்வர் வெளியேறினர், பத்தொன்பது பேர் வென்றனர்!

விளையாட்டு வினையாகும் என்றனர் நம் முன்னோர். அந்த விளையாட்டே லாபமாகும் என்று கண்டுகொண்டனர் முதலாளிமார்! லாபம் யாருடைய உழைப்பில் விளைந்தது? அதுதான், தோழர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்வி.

1972-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அடாரி என்ற கம்பெனி பிறந்தது. ‘பாங்’ என்ற அதன் வீடியோ ஆட்டப் பெட்டி மதுக்கடை மூலையில் நின்று காசு விழுங்கியது. 1976-ல் வார்னர் நிறுவனம் சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு அடாரியை வாங்கியது. மறு ஆண்டே வீட்டு டெலிவிஷனில் மாட்டும் பெட்டி வந்தது. பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும். பணம் கொட்டியது அந்தக் கார்ட்ரிட்ஜ்களில்தான்!

ஆட்டத்தை ஆக்கியவன் யார்? பெயர் தெரியாத புரோகிராமர். அடாரி ஊழியர்களான டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி காப்லான் ஆகிய நால்வரும் விற்பனைக் கணக்கைப் பார்த்தனர். ஓராண்டில் விற்ற 10 கோடி டாலர் சரக்கில் 6 கோடி தாங்கள் நால்வரும் ஆக்கியது. ஆனால் ஒருவருக்கும் ஆண்டுச் சம்பளம் 30,000 டாலரைத் தொடவில்லை. கிரேனே பின்னாளில் சொன்ன கணக்கு இது.

பெயர் போடுங்கள், பங்கு கொடுங்கள் என்று கேட்டனர். பெட்டி பூட்டும் தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் உசத்தியில்லை என்ற பொருளில் மேலிடம் பதில் சொன்னதாம். உண்மைதான்! இருவரும் உழைப்பாளிகள், இருவருக்குமே பங்கு இல்லை!

நால்வரும் வெளியேறினர். 1979-ல் ஆக்டிவிஷன் உருவாயிற்று. ஆக்கியவர் பெயரை அது வெளிப்படையாக அச்சிட்டது. கிரேனின் ‘பிட்ஃபால்’ 1982-ல் வந்து 40 லட்சத்துக்கு மேல் விற்றது. வெற்றிதான், மறுக்கவில்லை. பிறகு?

1983-ல் சந்தை சரிந்தது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே நால்வரும் விலகினர். கம்பெனி கை மாறியது. காசு பறிக்கும் வழியும் மாறியது. 2008-ல் பிளிஸார்டோடு இணைந்தது; அங்கே மாதச் சந்தா வசூல். 2016-ல் ‘கேண்டி கிரஷ்’ ஆட்டத்தின் கிங் கம்பெனியை 590 கோடி டாலருக்கு வாங்கியது. இங்கே ஆட்டம் இலவசம். ஆட்டத்தில் ‘உயிர்’ தீர்ந்தால் காத்திரு, அல்லது காசு கொடு! வாசலில் கட்டணமில்லை, உள்ளே போனால் உண்டியல்!

2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் 6,870 கோடி டாலர் விலை பேசி ஆக்டிவிஷன் பிளிஸார்டையே விழுங்கியது. மூன்றே மாதம். 2024 ஜனவரியில் மைக்ரோசாப்டின் ஆட்டப் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போயிற்று. உரிமை கேட்டு நால்வர் கட்டிய வீட்டின் கதி இது!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் ரேவன் என்ற ஆக்டிவிஷன் கிளை. ஆட்டத்தை ஆடி ஆடிப் பிழை கண்டுபிடிக்கும் சோதனையாளர்கள் அங்கே அடித்தட்டு. 2021 டிசம்பரில் அவர்களில் 12 பேருக்கு வேலை இல்லை என்றார்கள். தோழர்கள் வேலையை நிறுத்தினர்; சங்கம் கோரினர். நிர்வாகம் எதிர்த்தது. 2022 மே மாதம் வாக்கெடுப்பு: ஆதரவு 19, எதிர்ப்பு 3!

பொறி பரவியது. மைக்ரோசாப்டின் இன்னொரு கிளையான ஸெனிமாக்ஸில் சுமார் 300 சோதனையாளர்கள் 2023-ல் சங்கம் கண்டு, 2025-ல் 13.5 சதவீத ஊதிய உயர்வை ஒப்பந்தமாகப் பெற்றனர்.

சங்கம் எல்லா வேலை நீக்கத்தையும் தடுத்துவிட்டதா? இல்லை. ஆனால் கெஞ்சிக் கேட்ட இடத்தில், இன்று எதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

திறமைசாலிகள் நால்வர் வெளியேறினால் முதலாளியின் பெயர் மாறும். அடித்தட்டுத் தொழிலாளர் சேர்ந்து நின்றால்தான் முறை மாறும். பஞ்சாலையிலும் இதுதான் பாடம். விளையாட்டுப் பெட்டியிலும் இதுதான் பாடம்!